அறுநூறு வெள்ளிக்குச் சொல் வாங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41. மன்னார்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். திருமணமாகிச் சிங்கப்பூர் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை. சென்ற ஆண்டு சமூகப்பணித் துறையில் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அலுவலக ஆங்கிலத்தைச் சமாளித்துவிடுகிறேன், பாடக் கட்டுரைதான் உதைக்கிறது. கைப்பேசிச் செயலி ஒன்றில் நாளுக்கு 40 சொல் என்று நான்கு மாதம் படித்தேன். பாதி மறந்துவிட்டது. மறக்காததைக் கட்டுரையில் போட்டால் விரிவுரையாளர் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார். உயர்நிலை நான்கில் படிக்கும் மகன் சிரிக்கிறான். 10,000 சொற்கள் கொண்ட கணினித் தொகுப்பு ஒன்றை 600 வெள்ளிக்குத் தருகிறார்களாம். வாங்கலாமா? என் தாத்தா சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியை அடி பிசகாமல் ஒப்பிப்பாராம். எனக்கோ 40 சொல் தங்க மாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டதா? கட்டுரை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, ஈசூன்

பதில்:

அன்புள்ள ஈசூன் வாசகிக்கு,

வாங்காதீர்கள். மற்றக் கேள்விகளுக்குப் பதில் நீளும், இதற்கு ஒரு சொல் போதும்.

வயது விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து, 1885இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. சோதனை செய்த காலத்தில் அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாத நாற்பது சரக்குகளைத் தினமும் தலையில் இறக்கினால் எந்த வயதிலும் இதே கதிதான். தலையைக் குறை சொல்லாதீர்கள்.

தாத்தாவின் நிகண்டு வேறு வகை. மண்டல புருடர் அதை விருத்தப் பாவில் செய்தார். ஓசை ஒரு கயிறாகச் சொற்களைக் கோத்து வைத்திருந்தது. அதோடு, நிகண்டை ஒப்பித்துவிட்டு யாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்தச் சொற்கள் நடமாடுகிற நூல்களைப் படிப்பதற்காகத்தான் நிகண்டு. உங்கள் செயலியிலோ ஓசையும் இல்லை, அடுத்துப் படிக்க நூலும் இல்லை.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் முதியவர்களைப் பற்றி அழகாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர்களை 'லொக்வேஷியஸ்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அகராதியில் பார்த்தால் 'நிறையப் பேசுகிற' என்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு மெல்லிய கேலி உண்டு. தனிமையில் வாடுகிறவர்கள் பேசுவதற்கு ஆள் தேடி வருகிறார்கள் என்று இரக்கத்தோடு எழுதிக்கொண்டு வந்தவர், அதே பத்தியில் அவர்களை 'வாயாடிகள்' என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. விரிவுரையாளர் போட்ட வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

உங்கள் கட்டுரையைக் கனடாவைச் சேர்ந்த மொழி ஆசிரியர் டாம் காப் நடத்தும் 'லெக்ஸ்டியூட்டர்' இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். கட்டணம் கிடையாது. கட்டுரையை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் சொற்களுக்கு நிறம் பூசிக் காட்டும். அன்றாடச் சொற்கள் ஒரு நிறம், கல்விச் சொற்கள் மஞ்சள், எந்தப் பட்டியலிலும் சேராதவை சிவப்பு. உங்கள் கட்டுரையில் சிவப்பு அள்ளித் தெளித்திருக்கிறது. மஞ்சள் நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. உங்கள் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து இதேபோல் ஒட்டிப் பாருங்கள், மஞ்சள் நூற்றுக்குப் பத்தை ஒட்டி வரும். நான்கு மாதம் நீங்கள் உழைத்தது தவறில்லை. வேறு வயலில் உழுதுவிட்டீர்கள்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் என 28 பாடத் துறைகளின் பாடநூல்கள், ஆய்வுக் கட்டுரைகள் முதலியவற்றிலிருந்து 35 லட்சம் சொற்களைக் கணினியில் ஏற்றினார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். ஆங்கிலத்தின் மிகப் பொதுவான சுமார் 2,000 சொற்குடும்பங்களைக் கழித்தார். எஞ்சியவற்றில் பாதிக்கு மேற்பட்ட துறைகளில் அடிக்கடி வருபவை எவை என்று பார்த்தார். 570 சொற்குடும்பங்கள் தேறின. 2000ஆம் ஆண்டு வெளியான இந்தக் கல்விச் சொற்பட்டியல்தான் அந்த மஞ்சள். எந்தத் துறைக் கட்டுரையானாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்த 570க்குள் இருக்கும். பத்தாயிரம் எங்கே, 570 எங்கே! இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்துத் துணைப் பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள், முதலாவதில்தான் மிக அதிகமாக வரும் 60 இருக்கின்றன.

திறந்து பார்த்ததும் உங்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். 'இஷ்யூ', 'ஏரியா', 'பீரியட்', 'லீகல்', 'ஃபார்முலா'... 'இவையெல்லாம் எனக்குத் தெரியுமே' என்பீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நம்மவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் தெரியாத சொல்லில் அல்ல. தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட சொல்லில்.

'டென்ஷன்' என்றால் என்ன? தமிழில் அது படபடப்பு, எரிச்சல். 'அவருக்குச் சட்டென்று டென்ஷன் ஏறிவிடும்' என்கிறோம். உங்கள் பாடநூலில் முதியவரின் தன்னுரிமைக்கும் அவருடைய பாதுகாப்புக்கும் இடையே 'டென்ஷன்' என்று வந்தால், அங்கே யாரும் கோபப்படவில்லை. இரண்டு நோக்கங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன என்று பொருள். 'அட்ரஸ்' நமக்குப் புளோக் எண்ணும் அஞ்சல் குறியீடும். கட்டுரையில் அது வினை, ஒரு சிக்கலைக் கையில் எடுத்துக் கவனிப்பது. 'அக்கவுண்ட்' நமக்கு வங்கியில் இருக்கிறது. 'ஃபார்' என்ற சிறு சொல் பின்னால் ஒட்டினால் காரணம் சொல்வது என்றோ மொத்தத்தில் இத்தனை பங்கு என்றோ ஆகிவிடும். அடுத்த பருவத்தில் ஆய்வுமுறைப் பாடம் வரும்போது 'சிக்னிஃபிகண்ட்' காத்திருக்கும். அதை 'முக்கியமான' என்று மொழிபெயர்த்துக்கொண்டு போனால் புள்ளியியல் பக்கம் முழுவதும் தலைகீழாகப் புரியும். அங்கே அதன் பொருள், இந்த முடிவு வெறும் தற்செயலால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான். முடிவு அற்பமானதாகக்கூட இருக்கலாம்.

இதோடு நம் ஊர் அலுவலகங்கள் தரும் பரிசு ஒன்றும் உண்டு. 'கருத்தாய்வுக்குப் பல குடும்பங்கள் ரிவர்ட் செய்யவில்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் மின்னஞ்சலில் 'ரிவர்ட்' என்றால் பதில் எழுதுவது. பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரம் முறை நீங்களே எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருக்கிறேன். கல்வி எழுத்தில் அது பழைய நிலைக்குத் திரும்புவது. குடிப்பழக்கத்தை விட்டவர் மறுபடியும் அதற்கே திரும்பினார் என்பதுபோல. உங்கள் விரிவுரையாளர் உள்ளூர்க்காரர் என்றால் நிச்சயம் புரிந்திருக்கும். புரிந்தும் வட்டம் போட்டிருக்கிறார், போடட்டும்.

ஆகவே துணைப் பட்டியல் ஒன்றிலுள்ள 60 சொற்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப் பேச்சில் அதற்கு என்ன பொருள் என்று குறியுங்கள். பிறகு பாடநூலில் அது வரும் வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். இரண்டும் பொருந்தாத சொற்கள்தான் உங்கள் முதல் பாடம்.

அடுத்தது சேர்க்கை, அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. 'வெயில் பெய்தது' என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அவர் தமிழர் இல்லை என்று தெரிந்துவிடும். 'முடிவு எடுத்தார்' வேறு, 'முடிவு கட்டினார்' வேறு. இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் அப்படிக் கேட்டுப் பழகும் காலம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைக் கணினியால் ஓரளவு ஈடுகட்ட முடியும்.

தரவகம் என்று ஒன்று இருக்கிறது. நாளிதழ், நாவல், ஆய்வுக் கட்டுரை, பேச்சு என மக்கள் உண்மையில் பயன்படுத்திய மொழியைக் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்த கிடங்கு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளேர் குழு இப்படி ஒன்றைத் திரட்டி, அதிலிருந்து 1987இல் 'கோபில்ட்' அகராதியைக் கொண்டுவந்தது. இப்போது மார்க் டேவிஸ் தொகுத்த 'கோக்கா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் நூறு கோடிச் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. பெயரைப் பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றி அளவோடு தேடலாம். எழுத்துக்கூட்டல் அமெரிக்க முறையில் இருக்கும், அதை மட்டும் நகல் எடுக்காதீர்கள்.

அதில் 'காஸ்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 'காரணம், உண்டாக்கு' என்று நமக்கெல்லாம் தெரிந்த சொல். திரையில் அந்தச் சொல் நடுவே தூண்போல் வரிசையாக நிற்கும். இருபுறமும் அது வந்த வாக்கியங்களின் துண்டுகள். வலப்புறத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்: சேதம், சிக்கல், வலி, மரணம், கவலை, மறுபடியும் சேதம். நல்லது ஒன்று கண்ணில் படுவதற்குள் நெடுந்தூரம் இறங்க வேண்டியிருக்கும். நம் 'நேர்ந்தது'போல. விபத்து நேரும், இழப்பு நேரும். 'அவருக்குப் பதவி உயர்வு நேர்ந்தது' என்று யாராவது சொல்வோமா? நீங்கள் 'தொண்டூழியர்களின் வருகை முதியோரிடம் மகிழ்ச்சியைக் காஸ் செய்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். விரிவுரையாளர் ஏன் அதன் அடியில் அலைக்கோடு போட்டார் என்று இப்போது தெரிந்திருக்கும். எந்த அகராதியும் இதை இவ்வளவு வேகமாகக் காட்டாது. எனக்குத் தெரிந்து மொழி மாணவருக்குக் கணினி செய்த மிகப் பெரிய உபகாரம் இந்தத் தூண்தான்.

இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி எழுதிய 'ஆன்ட்கான்க்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் பாடத்திற்குத் தரும் கட்டுரைகளை எழுத்துக் கோப்பாக மாற்றி அதில் போட்டால், உங்கள் துறை எந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறது என்று இதேபோல் தூண் கட்டிக் காட்டும். நிறுவுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிரிக்கிற மகனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

சொல்லைத் தேர்ந்தாயிற்று, அதன் சேர்க்கையும் தெரிந்தது. இனி மறக்காமல் இருக்க வேண்டும். மறக்கப் போகும் நேரத்தில் ஒரு முறை நினைவூட்டினால் அடுத்த முறை மறக்க இன்னும் நாளாகும் என்பதுதான் இதன் அடிப்படை. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் இதற்கு அட்டைப்பெட்டியில் அறைகள் தடுத்துக் காட்டினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின்னர் போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் அந்த இடைவெளிகளைக் கணினியே கணக்கிடும்படி 1987இல் ஒரு மென்பொருள் எழுதினார். இன்று பலரும் பயன்படுத்தும் 'அங்கி' அந்த வழியில் வந்தது. கணினிக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் இலவசம், ஐஃபோனுக்கு மட்டும் ஒருமுறை கட்டணம். பெயரில் மயங்கிப் போலியை இறக்கிவிடாதீர்கள், ஒத்த பெயரில் வேறு செயலிகளும் உலவுகின்றன.

அதில் பிறர் செய்து வைத்த அட்டைக்கட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தொடாதீர்கள். உங்கள் பழைய செயலியின் கதையே திரும்பும். அட்டையை நீங்களே செய்ய வேண்டும். ஒன்றைச் செய்து காட்டுகிறேன். உங்கள் பாடக் கட்டுரையில், பராமரிப்பாளர்களின் தேவைகளை இந்தக் கொள்கை போதிய அளவு கவனிக்கவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கவனிக்க' என்பதற்கு அங்கே 'அட்ரஸ்' இருக்கிறது. வாக்கியத்தை அப்படியே அட்டையின் முன்பக்கம் இடுங்கள். 'அட்ரஸ்' இருந்த இடத்தில் ஒரு கோடு, அதன் முதல் எழுத்து மட்டும் மிச்சம். பின்பக்கத்தில் அந்தச் சொல், அதன் கீழே தமிழில் ஒரு வரி: 'முகவரி அல்ல, சிக்கலைக் கையில் எடுப்பது'. அதற்கும் கீழே உங்கள் அலுவலகத்தையோ வீட்டையோ பற்றி அதே சொல்லை வைத்து நீங்கள் எழுதிய சிறு வாக்கியம். அட்டை செய்ய மூன்று நிமிடம் ஆகும், அந்த மூன்று நிமிடமே பாதிப் படிப்பு.

அங்கி இயல்பாக நாளுக்கு 20 புதிய அட்டைகள் காட்டும்படி அமைந்திருக்கும். எட்டாகக் குறைத்துவிடுங்கள். புதியவை எட்டுதான் என்றாலும் பழையவை முறை போட்டு வந்துகொண்டே இருக்கும். வேலை, வகுப்பு, சமையல் எல்லாம் வைத்துக்கொண்டு இருபதுக்கு ஆசைப்பட்டால் இரண்டாம் வாரம் முந்நூறு அட்டை சேர்ந்து முறைக்கும், மூன்றாம் வாரம் செயலியைத் திறக்கவே கை வராது. எட்டு என்றால், காலையில் ஈசூனில் ரயில் ஏறி உட்லண்ட்ஸ் வருவதற்குள் முடிந்துவிடும். மனத்திற்குள் விடை சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். விடையைப் பார்த்துவிட்டு 'ஆமாம், தெரியும்' என்று 'குட்' பொத்தானை அழுத்துவது நம்மை நாமே ஏமாற்றுவது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 1990களில் நான் பாடம் நடத்திய கல்லூரி ஒன்றில் கணினி அறை அமைத்துச் சொல் பயிற்சி மென்பொருள் வாங்கிப் போட்டார்கள். ஒரு சொல்லும் நான்கு விடைகளும் வரும், சரியானதை அழுத்தினால் மணி ஒலிக்கும். மாணவர்கள் ஆவலோடு ஓடி வந்தார்கள். மூன்று மாதத்தில் எல்லாரும் 90க்கு மேல். எனக்கோ பெருமை தாளவில்லை. பருவ முடிவில் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன், பழைய சொற்களே பழைய இடத்தில் கிடந்தன. ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'மிக நீளமான விடைதான் பெரும்பாலும் சரியானது, டீச்சர்' என்றான். சொல்லைப் பார்த்தால் அடையாளம் காண்பது வேறு, வெற்றுத்தாளில் அதைத் தேடி எடுப்பது வேறு. உங்களிடம் விற்க வந்த 600 வெள்ளித் தொகுப்பின் விளம்பரப் படத்திலும் அதே நான்கு விடைகளைப் பார்த்தேன்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பயன்படுத்துவீர்கள். அவற்றிடம் கட்டுரையை எழுதச் சொன்னால் பல்கலைக்கழக விதி ஒரு பக்கம் கழுத்தைப் பிடிக்கும், மறுபக்கம் ஒரு சொல்கூட உங்களுடையதாகாது. 'என் வாக்கியத்தைத் திருத்தாதே, எந்தச் சொல் இந்த இடத்திற்குப் பொருந்தவில்லை என்று மட்டும் காட்டி, ஏன் என்று சொல்' என்று கேளுங்கள். அது சொல்வதைத் தரவகத் தூணில் சரிபாருங்கள். எழுதும் மென்பொருளில் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் ஒத்தசொல் பட்டியலை மட்டும் ஆறு மாதத்திற்கு மறந்துவிடுங்கள். 'லொக்வேஷியஸ்' அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று என் ஊகம்.

உச்சரிப்பு பற்றி ஒரு வரி. வகுப்பில் பேச வேண்டி வரும் என்பதால், ஒரு குடும்பத்துச் சொற்களைச் சேர்த்து இணைய அகராதியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேளுங்கள். 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' என்று வரும்போது அழுத்தம் இடம் மாறுவதைக் காது பிடித்துக்கொள்ளும். தமிழில் அந்த வழக்கம் இல்லாததால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

வாசிக்கவும் ஏதாவது வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் கைப்பேசியிலேயே மின்னூல்களையும் நாளிதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். மூப்படைதல், பராமரிப்பு தொடர்பான கட்டுரையாக வாரத்திற்கு ஒன்று போதும். படிக்கும்போது சொல் தேட நிறுத்தாதீர்கள். முடித்த பிறகு திரும்பி வந்து மூன்று வாக்கியங்களை மட்டும் அட்டைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டுரை எப்போது என்று எழுதவில்லை. அது திருத்தி வந்ததும் வட்டமிட்ட வாக்கியங்களை மட்டும் எனக்கு அனுப்பி வையுங்கள், மதிப்பெண் வேண்டாம். அந்த வாக்கியங்கள்தான் உங்கள் அடுத்த அட்டைகள். 'ரிவர்ட்' செய்கிறேன், அலுவலக வழக்குப்படியே.